நிறுத்து விற்கும் கடைக்கு எது முதலில்: லேபல் தராசா, மாதச் சந்தா பிஓஎஸ்ஸா, பழைய கல்லாவே போதுமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இருக்கும் மசாலா, மளிகைக் கடைகளுக்கு இப்போதெல்லாம் டேப்லெட்டும் கையுமாக விற்பனையாளர்கள் ஏறி இறங்குகிறார்கள். பிஓஎஸ், அதாவது பில் போட்டு விற்பனையைப் பதியும் கணினி, போட்டுவிட்டால் ஸ்டாக், கணக்கு, வருமான வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பும் இ-இன்வாய்ஸ் எல்லாம் தானாக நடக்கும் என்கிறார்கள். கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால், கடைக்காரர்கள் என்னைக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "போடலாமா, வேணாமா தம்பி?" சில்லறையாக நிறுத்து விற்கும் கடை என்றால் நான் சொல்வது, முதலில் தராசை மாற்றுங்கள். பிஓஎஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காசு எங்கே ஒழுகுகிறது என்று நின்று பார்த்தால் காரணம் புரியும். கிலோ 18 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு விற்கும் சரக்கில் 350 கிராம் நிறுத்தால் கணக்குப்படி 6 வெள்ளி 48 காசு. மலேசியாவில் 2008 முதல் ரொக்கப் பில்லை 5 காசுக்கு முழுமையாக்குவதால் 6.50 வாங்க வேண்டும். தராசடியில் நிற்கும் பையன் மனக்கணக்குப் போட்டுப் பாக்கெட்டின் மேல் பேனாவால் 6.40 என்று எழுதுகிறான், கூட்ட நேரத்தில் 6 என்றே எழுதிவிடுகிறான். கல்லாவில் இருப்பவர் அதைப் பார்த்து அப்படியே தட்டுகிறார். பாக்கெட்டுக்குப் பத்துக் காசு, நாளைக்கு 60 பாக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாள் வியாபாரத்தில் 156 வெள்ளி போய்விடுகிறது. கல்லா இருக்கும் இடத்தில் விலையுயர்ந்த டேப்லெட்டை வைத்தாலும் இந்த ஒழுகல் நிற்காது, ஏனென்றால் தவறு நடப்பது தராசடியில்.

லேபல் அடிக்கும் தராசு சரக்கின் பெயர், எடை, விலை, பார்கோடு எல்லாவற்றையும் ஒரே ஒட்டியில் அடித்துத் தந்துவிடும். பார்கோடில் 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் கடைக்குள்ளேயே பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. எடையையோ விலையையோ அந்த எண்ணுக்குள்ளேயே வைக்கலாம். அதனால் நாளைக்கே பிஓஎஸ் வாங்கினாலும் ஸ்கேனர் அந்த ஒட்டியைப் படித்துக்கொள்ளும், போட்ட காசு வீணாகாது. பார்கோடு அமைப்பை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்று மட்டும் வாங்கும்போதே கேட்டு வையுங்கள். 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். மலிவு என்று இணையத்தில் கிடைக்கும், முத்திரை பெற முடியாத தராசை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி சந்தா பிஓஎஸ். மாதம் 150 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டுக்கு 9,000. சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு, அதையும் சேர்த்தால் 9,720. பத்து விழுக்காடு லாபத்தில் ஓடும் மளிகைக் கடை இதை மட்டும் ஈடுகட்ட மாதம் 1,620 வெள்ளிக்குக் கூடுதலாக விற்க வேண்டும். ஒரே தடவை வாங்கும் மென்பொருளில் இந்தச் சுமை இல்லை. ஆனால் வரி விதிகள் மாறும்போது அதைத் திருத்தித் தர ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் தனிக் காசு. இந்த இரண்டில் நான் சந்தாவைத்தான் சொல்வேன், கணக்கை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடிந்தால். வருமான வரிக் கணக்குகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சந்தா நின்ற மறுநாள் கணக்கும் பூட்டிக்கொண்டால் கஷ்டம் கடைக்காரருக்குத்தான்.

பணத்தைவிடப் பெரிய செலவு சரக்குப் பட்டியல். கடுகிலேயே நான்கு பிராண்டு, மூன்று அளவு இருக்கும். ஆயிரம் பெயரை யார் உட்கார்ந்து தட்டுவது? பெரும்பாலும் பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்த மகளோ மகனோ செய்து கொடுக்கிறார்கள். பிள்ளைகள் திரும்பிப் போனதும் புதுச் சரக்கெல்லாம் 'இதர' பொத்தானில் விழ ஆரம்பிக்கும். மாதக் கடைசியில் அதிகம் விற்ற சரக்கு 'இதர' என்று அறிக்கை வரும் கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 25 கிலோ மல்லி மூட்டையை 200 கிராமாகப் பிரித்தால் 125 பாக்கெட் வரவேண்டும். புடைத்து, தூசி, காம்பு போக அவ்வளவு வராது. அந்தக் குறைச்சலை ஒவ்வொரு மூட்டைக்கும் பதிய ஆள் இல்லாவிட்டால், திரையில் தெரியும் ஸ்டாக்கை நம்பிச் சரக்கு போட முடியாது.

அப்படியானால் பிஓஎஸ் யாருக்கு? இ-இன்வாய்ஸ்தான் இங்கே கோடு போடுகிறது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழே உள்ள சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 50 லட்சம் வரை 2026 ஜனவரி 1 முதல் கட்டாயம். அப்போதும், வாடிக்கையாளர் கேட்காத ரொக்க வியாபாரத்தை மாதம் முடிந்த 7 நாளுக்குள் மொத்தமாக ஒரே இ-இன்வாய்ஸாக வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் இலவசமாகவே அனுப்பலாம். 10,000 வெள்ளியைத் தாண்டும் ஒற்றை விற்பனைக்கு மட்டும் தனியாகப் போட வேண்டும். ஆனால் உங்களிடம் சரக்கு எடுப்பவர்கள் உணவகங்கள், கேட்டரிங்காரர்கள், ஹோட்டல்கள் என்றால் அவர்கள் ஒவ்வொரு பில்லுக்கும் வரி எண் கொடுத்துக் கேட்பார்கள். கையால் அது ஓடாது. அந்தக் கடை நாளைக்கே பிஓஎஸ் போடட்டும். இரண்டு கிளை வைத்திருப்பவருக்கும் சரி. அழித்த பில்லை யார், எத்தனை மணிக்கு அழித்தார் என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை. வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வேறு கதை: மேசை ஆர்டர் அடுக்களைக்குப் போய்ச் சேர்வதே அங்கே உயிர், ஆகவே தராசு பேச்சே வேண்டாம்.

கைப்பேசியால் ஸ்கேன் செய்து பணம் கட்டும் டுயிட்நாவ் கியூஆருக்கு பிஓஎஸ் தேவையே இல்லை. ஓர் அட்டை போதும், எல்லா வங்கிக்கும் இ-வாலட்டுக்கும் அதுவே. வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல் நம் கைப்பேசியில் பணம் விழுந்ததைப் பார்க்கப் பழக்குங்கள்.

பழைய கணினியைப் பற்றியும் கேட்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப் உள்ள கணினிகள், ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை. பில் அடிக்க மட்டும் அது இருக்கட்டும், வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

எதை மாற்றினாலும் தீபாவளிக்கு முன் மாற்ற வேண்டாம். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் என்று வரிசையாக வரும் கூட்டத்தில் பழகாத பொத்தானைத் தேடிக்கொண்டு நிற்க யாருக்கும் நேரம் இருக்காது. தண்ணீர்மலை முருகன் கோவில் தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு வரும் மந்தமான வாரங்களில் தொடங்குங்கள், ஒரு மாதம் பழைய பில் புத்தகத்தையும் பக்கத்திலேயே வைத்து எழுதுங்கள்.