9 மணி நேரமா, 11 மணி நேரமா? ஒரு ஃபாரமிர் கட்சிக்காரனின் பதில்

அக்கா மகள் இந்த விடுமுறையில் டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகங்களையும் படித்து முடித்தாள். கடைசிப் பக்கத்தை மூடி அரை மணி நேரம் ஆகியிருக்காது, போன் வந்துவிட்டது. "மாமா, படத்துல எதைப் பார்க்கட்டும்? தியேட்டர்ல வந்ததா, நீளமா இருக்குமே, அதுவா?"

நீளமானதைத்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அன்று ராத்திரி பேச ஆரம்பித்தது, அவள் அம்மா வந்து போனைப் பிடுங்கும்வரை முடியவில்லை. அவளிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு வடிவங்களையும் பலமுறை பார்த்தவன் நான். காசு போட்டு வாங்கி அலமாரியில் வைத்திருப்பது நீளப் பதிப்பை. அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்த கணக்கை முதலில் முடித்துவிடலாம். பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்களும் 2001, 2002, 2003 டிசம்பர்களில் வந்தன. தியேட்டரில் ஓடியவை 178, 179, 201 நிமிடங்கள், ஆக மொத்தம் 9 மணி 18 நிமிடம். பிறகு டிவிடியில் வந்த நீளப் பதிப்புகள் 208, 223, 251. மொத்தம் 11 மணி 22 நிமிடம். இதற்கு மேல் படம் முடிந்ததும் ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். முதல் படத்தில் அது மட்டுமே சுமார் 20 நிமிடம். முழுதாக ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

புத்தகமே படிக்காத ஒருவரை இந்த உலகத்துக்குள் கூட்டிப்போவதாக இருந்தால் தியேட்டர் வடிவம் போதும். வேகம் இருக்கிறது, எங்கும் தொய்வில்லை. 11 பரிந்துரை பெற்று 11 ஆஸ்கரையும் அள்ளிக்கொண்டு போனது தியேட்டரில் ஓடிய மூன்றாம் படம்தான். இயக்குநரே தன்னுடைய அசல் படங்கள் தியேட்டரில் வந்தவை, நீளமானவை ரசிகர்களுக்காக என்ற தொனியில் பேசியிருக்கிறார். இதில் வாதாட ஒன்றுமில்லை. என் கேள்வி புத்தகத்தை நெஞ்சில் வைத்திருப்பவர்களைப் பற்றியது.

அவர்கள் படம் வந்த நாளிலிருந்தே குறை பட்டுக்கொண்டிருப்பவர்கள். காட்டில் வாழும் விசித்திரக் கிழவர் டாம் பாம்படில் எங்கே? தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய ஹாபிட் (குட்டை மனிதன்) ஃப்ரோடோவுக்கு, வழியில் குதிரையில் வந்து கைகொடுத்த எல்ஃப் வீரன் குளோர்ஃபின்டெல் எங்கே, அவன் இடத்தில் எல்ஃப் பெண் ஆர்வென் எப்படி வந்தாள்? ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டைக்கு எல்ஃப் படை வந்ததாக எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எல்லாம் முடிந்து ஹாபிட்கள் திரும்பும்போது அவர்கள் ஊரான ஷயரே நாசமாகிக் கிடக்குமே, அந்த அத்தியாயத்தை யார் விழுங்கியது? இவற்றில் எதையும் நீளப் பதிப்பு சரிசெய்யவில்லை. பாம்படில் மரத்தைப் பார்த்து அதட்டும் வரிகளை மட்டும் இரண்டாம் படத்தில் நடமாடும் மரம் போன்ற மரத்தாடியின் வாயில் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். கூடுதலாக இரண்டு மணி நேரம் கிடைக்கிறதே, விட்டதெல்லாம் வந்திருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள்.

பிறகு எதற்கு நீளப் பதிப்பு? என் பதில் ஒரே பெயர்தான்: ஃபாரமிர்.

புத்தகத்தில் இத்திலியன் காட்டில் ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் மடக்கிப் பிடிக்கும், மனிதர்களின் ராஜ்யமான கோண்டோரின் படைத்தலைவன் அவன். மோதிரத்துக்கு ஆசைப்பட்டுச் செத்த போரோமிரின் தம்பி. இவர்கள் சுமந்து போவது இன்னதென்று தெரிவதற்கு முன்பே, அது நடுவழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் அருவிக்குப் பின்னாலுள்ள குகையில், வயிறு நிறையச் சாப்பிட்ட தெம்பில் சாம் உண்மையை உளறிக்கொட்டுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். கோண்டோரின் தளபதி ஃபாரமிர் தன் தரத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு என்கிறான். ஹாபிட்கள் இருவரும் துள்ளி எழுந்து வாளைத் தேடுகிறார்கள். குகைக்குள் மற்றவர்களின் பேச்சு அடங்கிவிடுகிறது. படிப்பவனுக்கு மூச்சு நின்றுவிடும். அவனோ மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து மெல்லச் சிரிக்கிறான். அவ்வளவுதான். அண்ணன் தோற்ற பரீட்சையில் தம்பி ஜெயித்துவிட்டான். அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து நான் ஃபாரமிர் கட்சி.

2002-இல் வந்த படத்தில் அதே வரியைச் சொல்கிறான். வாள் நுனியால் ஃப்ரோடோவின் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொல்கிறான். ஆனால் சிரித்துவிட்டு உட்காரவில்லை. மோதிரம் கோண்டோருக்குப் போகும் என்று ஆணையிட்டு, இருவரையும் கோண்டோரின் பாழடைந்த நகரமான ஓஸ்கிலியத்துக்கு இழுத்துப்போகிறான். எங்கள் ஆளைக் கொண்டுபோய் போரோமிரின் ஜெராக்ஸ் ஆக்கிவிட்டார்கள் என்று புத்தக ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. திரைக்கதை எழுதியவர்களும் காரணம் சொன்னார்கள். மந்திரவாதி காந்தால்ஃபே தொட அஞ்சும் மோதிரத்தை ஒருவன் சாதாரணமாக வேண்டாம் என்று தள்ளினால், அதற்கு என்ன சக்தி இருக்கிறது என்று பார்ப்பவன் கேட்பான். தவிர, ஷீலாப் சிலந்தியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் கதைக்கு உச்சமாக ஏதாவது வேண்டியிருந்தது. காரணம் புரிகிறது, மனசு ஆறவில்லை.

நீளப் பதிப்பில் அந்த இடத்துக்கு முன்னால் ஒரு பழைய நினைவு வருகிறது. ஓஸ்கிலியத்தை மீட்ட நாள். போரோமிர் கொடியை நட்டு வீரர்களைப் பார்த்து முழங்குகிறான். அண்ணனும் தம்பியும் தோள் தட்டிக் குடிக்கிறார்கள். இந்த நாளை ஞாபகம் வைத்துக்கொள் என்கிறான் அண்ணன். போரோமிராக நடித்த ஷான் பீன் இப்படி வாய்விட்டுச் சிரிப்பதைத் தியேட்டர் வடிவம் மட்டும் பார்த்தவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது அப்பா டெனத்தார் வருகிறார். மூத்தவனைக் கட்டிக்கொள்கிறார். சின்னவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்ஃப்களின் ஊரான ரிவென்டெலுக்குப் போய் மோதிரத்தைக் கொண்டுவா என்று மூத்தவனிடம் சொல்ல, அவன் தயங்குகிறான், என் இடம் இங்கேதான் என்கிறான். நான் போகிறேன் என்று ஃபாரமிர் முன்னால் வருகிறான். அதற்கு அப்பா சொல்லும் ஏளனமான பதில்தான் அந்த வரி: கோண்டோரின் தளபதி ஃபாரமிர் தன் தரத்தைக் காட்ட ஒரு வாய்ப்போ?

இதைப் பார்த்துவிட்டுக் குகைக் காட்சிக்கு வாருங்கள். சொல் மாறவில்லை, வாள் நுனியும் சங்கிலியும் மாறவில்லை. ஆனால் தியேட்டரில் பேராசையாகக் கேட்ட வரி இங்கே அப்பா குத்திய முள்ளைப் பிள்ளை தானே திருப்பிப் பார்ப்பதாகக் கேட்கிறது. ஒரே வரிக்குப் புத்தகத்தில் ஓர் அர்த்தம், தியேட்டரில் இன்னொன்று, நீளப் பதிப்பில் மூன்றாவது. சில நிமிடம்தான் அந்த நினைவுக் காட்சி. கூடுதல் 124 நிமிடத்தில் மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு இதை மட்டும் கொடுத்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

அதன் வட்டி மூன்றாம் படத்தில் கிடைக்கிறது. அண்ணன் இருந்து நான் செத்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள், அப்படித்தானே என்று ஃபாரமிர் கேட்க, ஆமாம் என்கிறார் டெனத்தார். பிறகு பிள்ளை சாவை நோக்கிக் குதிரை ஓட்டிப் போகிறான். அப்பா உட்கார்ந்து தக்காளியைக் கடிக்கிறார், சாறு தாடையில் வழிகிறது, எதிரே ஹாபிட் பிப்பின் பாடிக்கொண்டிருக்கிறான். இவை இரண்டு வடிவத்திலும் உண்டு. ஆனால் ஓஸ்கிலியத்தில் அந்தக் கிழவர் சின்ன மகனைத் தள்ளிவிட்டதைப் பார்த்தவனுக்கு அந்தத் தக்காளி வேறு மாதிரி வலிக்கும்.

எதிர்க்கட்சிக்கும் வாய் இருக்கிறது. என் நண்பர் ஒருவர், புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவர், இதைக் கேட்டதும் சொன்னார்: "கட்டு நல்லாத்தான் போட்டிருக்காங்க. காயத்தைப் போட்டதும் அவங்கதானேய்யா?" பதில் சொல்ல முடியவில்லை. புத்தகத்து ஃபாரமிருக்கு நல்லவனாக இருப்பதற்கு அப்பாவின் அலட்சியம் ஒரு காரணமாகத் தேவைப்படவில்லை. அவன் இயல்பே அப்படி. அதை எந்தப் பதிப்பும் திருப்பிக் கொடுக்காது.

நீளப் பதிப்புக்குச் சேரவேண்டிய இன்னும் இரண்டு சங்கதிகள். ஒன்று, முதல் படத்தில் எல்ஃப் காடான லோத்லோரியனை விட்டுக் கிளம்பும்போது அதன் தலைவி கலாட்ரியல் ஒவ்வொருவருக்கும் பரிசு கொடுக்கும் காட்சி. தியேட்டரில் ஃப்ரோடோவுக்கு மட்டும் ஒளிக்குப்பி கிடைக்கும். நீளப் பதிப்பில் குள்ளன் கிம்லி தயங்கித் தயங்கி அவள் தலைமுடியில் ஒரே ஓர் இழை கேட்டதும், அவள் மூன்று கொடுத்ததும் இருக்கிறது. எல்ஃப்களிலேயே பெரிய கைவினைஞன் ஃபெயனோர் மூன்று முறை கேட்டும் ஓர் இழைகூடக் கொடுக்காதவள் அவள் என்று டோல்கீனின் மற்ற எழுத்துகளில் வரும். அது தெரிந்து பார்த்தால் கண் கலங்கும், தெரியாவிட்டாலும் கிம்லியின் முகம் போதும்.

இரண்டு, கெட்டுப்போன மந்திரவாதி சாருமான். மூன்றாம் படத்தின் தியேட்டர் வடிவத்தில் அவனாக நடித்த கிறிஸ்டோபர் லீ ஒரு காட்சியில்கூட இல்லை. கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கிறான் என்று வாயால் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். தொலைவைக் காட்டும் பாலந்தீர் உருண்டை தண்ணீரில் கிடக்கிறது, பிப்பின் எடுக்கிறான், எப்படி அங்கே வந்தது என்று கேட்கக்கூடாது. லீ இதில் மனம் நொந்தார், அந்தப் படத்தின் முதல் காட்சி விழாவுக்கே போகவில்லை. ரசிகர்கள் மனு போட்டார்கள். நீளப் பதிப்பில் கோபுர உச்சியில் அவன் கையாள் கிரிமா சாருமானைக் குத்துகிறான். புத்தகத்தில் ஷயரில், ஃப்ரோடோவை வளர்த்த பில்போவின் வீட்டு வாசலில் நடக்கும் சாவைப் பெயர்த்துக் கொண்டுவந்து சாருமானின் கோட்டையான ஐசன்கார்டில் வைத்திருக்கிறார்கள். குத்துகிறவன் மாறவில்லை, ஊர்தான் மாறிவிட்டது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

இனி, மூன்றாம் படம். இங்கே என் கட்சியே கொஞ்சம் ஆடும். நீளப் பதிப்பில் மோதிரத்தைச் செய்த தீய தலைவன் சாரோனின் வாயாக ஒரு தூதன் வருகிறான், கோண்டோரின் அரச வாரிசு அரகோர்ன் அவன் தலையைச் சீவிவிடுகிறான். தூதனைக் கொல்வது எந்த ஊர் ராஜதர்மம்? புத்தகத்தில் அரகோர்ன் முறைத்துப் பார்ப்பதோடு சரி, அதற்கே அந்தத் தூதன் மிரண்டு, நான் தூதன், என்னைத் தாக்கக்கூடாது என்று கத்துவான். அப்புறம் சாரோனின் தளபதியான சூனியக்கார அரசன் காந்தால்ஃபின் கோலை உடைக்கும் காட்சி. புத்தகக்காரர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை, நானும்தான். இதையெல்லாம்விடக் கெட்டது, எதிரியின் கறுப்புக் கப்பல்களை அரகோர்ன் பிடிப்பதை முன்கூட்டியே காட்டிவிடுவது. தியேட்டரில் எதிரியின் கப்பல் கரை தட்டுகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது அரகோர்ன் குதித்து இறங்குவான். அந்தத் திகைப்பை நீளப் பதிப்பு தன் கையாலேயே கெடுத்துக்கொள்கிறது.

அதனால் அக்கா மகளுக்கு நான் சொன்ன ஒழுங்கு இது: முதல் இரண்டும் நீளம், மூன்றாவது முதலில் தியேட்டர், ஒரு வாரம் கழித்து நீளம். ஒரே மூச்சில் பார்க்கவேண்டாம். நீளப் பதிப்பில் ஒவ்வொரு படமும் இரண்டு தட்டாக இருக்கும். முதல் படத்தில் மோதிரத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் எல்ரோண்டின் சபை முடிந்து, நாம் எங்கே போகிறோம் என்று பிப்பின் அப்பாவியாகக் கேட்கும் இடத்தில் தட்டு முடியும். அதைவிட நல்ல இடைவேளை எந்த சினிமாவிலும் கிடைக்காது.

எந்தத் தட்டை வாங்குவது என்பதில் என் அனுபவம் குறைவு. 2011-இல் வந்த ப்ளூ-ரேயில் முதல் படத்தின் மேல் பச்சை பூசியது போல் இருக்கிறது என்று ரசிகர்கள் புலம்பினார்கள். பனிக் காட்சியில் எனக்கும் அது தெரிந்தது, தெரிந்த பிறகு பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. 2020-இன் 4கே தொகுப்பில் இரண்டு வடிவங்களும் சேர்ந்தே வருகின்றன. இப்போது புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கலாம், இந்தச் சண்டையே மிச்சம். நான் நண்பர் வீட்டில் அரை மணி நேரம் பார்த்ததோடு சரி, நிறம் இயல்பாகத்தான் பட்டது. என்னிடம் இருப்பது பழைய டிவிடிப் பெட்டி. இரண்டாம் கையாக வாங்கியது, கடைசித் தட்டில் கீறல் இருப்பதை விற்றவர் சொல்லவில்லை. துணியால் நாலு தடவை துடைத்தால்தான் மூன்றாம் படம் சாரோனின் நாடான மோர்டோரின் வாசலைத் தாண்டும்.

நேற்று அவள் இரண்டாம் படத்தை முடித்துவிட்டுப் போன் செய்தாள். ஓஸ்கிலியம் காட்சி எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே, "அந்த அப்பாவை எனக்குப் பிடிக்கல மாமா" என்றாள். தக்காளியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றாவதற்கு வீட்டுக்கு வருகிறாள். நீளப் பதிப்பில் கறுப்புக் கப்பல் வரும் தட்டை எடுத்து, அவள் கைக்கு எட்டாத மேல் அலமாரியில் அகராதிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.