"பத்து நாளில் பளபளப்பு" என்று சொல்பவரிடம் கிதாரைக் கொடுத்துவிடாதீர்கள்

என் நண்பர் எட்டு மாதம் உழைத்துக் கையாலேயே செய்து கொடுத்த கிதார் அது. பின்பலகையும் பக்கங்களும் ஈட்டி மரம், மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். லாக்கர் என்ற பூச்சை மரத்தின் மேல் அடித்துப் பளபளப்பாக்கும் வேலை மட்டும் பாக்கி. அவரிடம் ஸ்ப்ரே வசதி இல்லாததால், சென்னையில் இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். "பத்தே நாள் சார், முகம் பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். 9,000 ரூபாயையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாள் கிதார் கைக்கு வந்தது. முகமும் தெரிந்தது. ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஈட்டி மரத்தின் நுண்துளைகள் கோடு கோடாகப் பள்ளம் விழுந்து தெரிய ஆரம்பித்தன.

நண்பர் ஒலித்துளை ஓரமாக முகர்ந்து பார்த்ததுமே, "தின்னர் வாடை இன்னும் போகவில்லையே" என்றார். லாக்கரைக் கரைத்து அடிக்க உதவும் திரவம்தான் தின்னர். கிதாருக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வகை லாக்கர் தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். ஆனால் உள்ளே தங்கிய தின்னர் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், அதுவரை படலம் சுருங்கிக்கொண்டே இருக்கும். கடைசிப் பூச்சுக்குப் பின் மூன்று, நான்கு வாரமாவது தொங்கவிட்ட பிறகுதான் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கையில் எடுக்க வேண்டும். இவர்கள் சில நாட்களிலேயே தேய்த்துவிட்டார்கள். மரத்துளைகளை முதலில் ஃபில்லர் வைத்து அடைத்தார்களா என்பதே சந்தேகம்.

விளிம்புகளைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. படலத்தின் மொத்தக் கனமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். 1000, 1200, 1500, 2000 என்று மேலும் மேலும் நைசான உப்புத்தாளாக மாற்றி, தாளுக்குப் பின்னால் கட்டை வைத்து, விளிம்புக்கு வருமுன் கையை நிறுத்தித் தேய்க்க வேண்டிய வேலை அது. அதை மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் வைத்து அழுத்தியதில் இரண்டு இடங்களில் லாக்கர் அடியோடு போய் வெறும் மரம் தெரிகிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "சென்னை வெயிலுக்கு மரம் அப்படித்தான் ஆகும் சார்" என்றார். பணம் திரும்பவில்லை. பேச்சுவாக்கில், கடைசியில் கார் பாலிஷ் போட்டுத் துடைத்ததாகவும் சொன்னார். அதில் சிலிக்கோன் இருந்தால், அதன் மேல் அடிக்கும் புது லாக்கர் ஒட்டாமல் சிறு சிறு குழிகளாக விலகிவிடும். கீறலை மறைக்கப் போட்ட பாலிஷ், அடுத்த வேலையையும் சேர்த்துக் கெடுத்துவைத்திருக்கிறது.

கொடுக்குமுன், லாக்கர் அடித்தபின் எத்தனை வாரம் காயவிடுவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். சிலிக்கோன் கலந்த எதையும் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது குழல்விளக்கின் பிம்பத்தைப் பலகையில் விழவைத்துப் பாருங்கள். விளக்கின் கோடு நெளிந்தால் பரப்பு சமமாகத் தேய்க்கப்படவில்லை.

இப்போது வேறொருவர் பழைய பூச்சு முழுவதையும் துடைத்துச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "இரண்டு மாதம் ஆகும்வரை கேட்காதீர்கள்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.