பட்டியா, வாட்டா: றிசல்ட் வருமுன் எங்கே போய் நிற்பது?

உயர்தரப் பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் அக்காவின் மகள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, பெரியாஸ்பத்திரியில சும்மா நிண்டு உதவி செய்ய விடுவாங்களா? இல்லாட்டி தம்பலகாமத்தில மிருக வைத்தியரோட போகட்டா?" உயிரியல் பிரிவில் எழுதியவள். மருத்துவமா, கால்நடை மருத்துவமா என்று இரண்டு வருடமாக மனம் ஊசலாடுகிறது. றிசல்ட் வர மாதக்கணக்காகும். அதற்குள் இரண்டையும் கிட்ட நின்று பார்க்க ஆசை.

முதலில் ஒன்றைச் சொன்னேன். சேர்டிபிக்கட்டுக்காக எங்கும் போகாதே. வெளிநாடுகளில் சில கால்நடை மருத்துவக் கல்லூரிகள் விலங்குகளோடு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய் என்று விண்ணப்பத்திலேயே கேட்கும். இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளியையும் (பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக மாற்றிக் கணிப்பது) மாவட்டத்தையும்தான். இருக்கும் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. நூறு இரத்ததான முகாமில் நின்றாலும் தசமத்துக்குப் பிறகு ஓர் இலக்கம்கூட ஏறாது. ஒருவகையில் இது நல்லது. யாருக்கும் காட்டுவதற்கில்லை என்றால் உண்மையிலேயே பார்க்கக்கூடிய இடத்துக்குப் போகலாம்.

கால்நடைப் பக்கத்தில் பெரிய வசதி என்னவென்றால், வைத்தியரோடு போனால் வேலையை முழுசாகப் பார்க்கலாம். பட்டிக்குள் இறங்கி மாட்டின் கயிற்றைப் பிடிக்கச் சொல்வார். குடற்புழு மருந்து பருக்கும்போது தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு கிழமையில் சேறு, சாணம், மடிவீக்கம், காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய் எல்லாம் கண்ணால் கண்டதாகிவிடும். நல்ல கறவை மாடு கன்று ஈன்ற கையோடு எழும்ப மாட்டாமல் படுத்துவிடுவதுண்டு. இரத்தத்தில் கல்சியம் குறைந்ததுதான் காரணம். பால் காய்ச்சல் என்பார்கள், உடம்பு சுடாது. நாளத்தில் கல்சியத்தை மெல்ல ஏற்றினால் பல மாடுகள் சில மணித்தியாலத்துக்குள் எழுந்து நிற்கும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். படுத்த மாடு எழும்புவதை ஒருதரம் பார்த்த பிள்ளைக்கு அன்றிரவு நித்திரை வராது.

அதே பட்டியில் வேறொன்றையும் பார்ப்பாள். கால் முறிந்த கிழட்டு எருமைக்கு முன்னால் பட்டிக்காரர் மனதுக்குள் கணக்குப் போடுவார்: மருந்துக்கு எவ்வளவு, இனிப் பால் எத்தனை போத்தல், இப்படியே விற்றால் என்ன வரும். வைத்தியம் செய்வதா விடுவதா என்று தீர்மானிப்பவர் அவர்தான், வைத்தியர் அல்ல. அவரைக் கல்நெஞ்சர் என்று நினைத்தால் அது நம்முடைய அறியாமை. அந்த எருமையின் தயிர்ச் சட்டியில்தான் அவர் பிள்ளையின் டியூசன் காசு இருக்கிறது. 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரும் மழையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. அப்படிப்பட்ட நாட்களில் மிருக வைத்தியரின் வேலை குணப்படுத்துவதல்ல, செத்ததை எண்ணுவதும் வெட்டிப் பார்ப்பதும். 'எனக்கு மிருகங்கள் எண்டா விருப்பம்' என்பதோடு மட்டும் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பி வருகிறார்கள்.

(திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் தின்றுவிடாமல் பொலித்தீன் பொறுக்குவதும் விலங்குச் சேவைதான், செய்யட்டும். ஆனால் அதில் கால்நடை மருத்துவம் துளியும் தெரியாது. காயப்பட்ட மானைத் தொடுவதற்கே வனசீவராசிகள் திணைக்கள ஆட்கள் வரவேண்டும்.)

ஆஸ்பத்திரிப் பக்கம் நேர்மாறு. வெளியாள் நிற்கக்கூடிய இடம் நடைபாதை மட்டும்தான். சக்கர நாற்காலி தள்ளலாம், எந்தக் கிளினிக் எங்கே என்று வழி சொல்லலாம். நோயாளியின் வைத்தியக் குறிப்புத் துண்டையோ உடம்பையோ பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. இரத்ததான முகாமில் பெயர் பதிந்து பிஸ்கட்டும் குளிர்பானமும் கொடுப்பது புண்ணியம். அதை வைத்து 'நான் டொக்டராவேனா' என்று கேட்டால் விடை வராது.

ஆக, இரண்டு பக்கமும் ஒரே அளவு திறந்திருக்கவில்லை. ஒரு மாதம் பட்டி, ஒரு மாதம் வாட்டு என்று சரிபாதி பிரித்தால், மிருக வைத்தியத்தின் உள்வீட்டையும் மருத்துவத்தின் வெளிமதிலையும் பார்த்துவிட்டு ஒப்பிடுகிறோம். உயிரோட்டமாகத் தெரிந்தது வெல்லும். அல்லது சாணம் வெறுத்து, உள்ளே பார்க்காத மற்றது வெல்லும்.

அதனால் மருத்துவத்தைப் பார்க்க நான் காட்டிய இடம் ஆஸ்பத்திரி அல்ல, முதியோர் இல்லம். நீரிழிவுப் புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றுவதைப் பார்க்கலாம். காலை, பகல், இரவு என்று குளிசை பிரித்து வைக்க உதவலாம். ஒரே அம்மா ஒரே முழங்கால் நோவை ஏழாம் முறை சொல்லும்போது முதல் முறை போலக் கேட்க வருகிறதா என்று தன்னையே சோதிக்கலாம். மருத்துவரின் நாளில் பெரும்பங்கு இதுதான்: முழுதாகக் குணமாகாத நோய்களோடு வருடக்கணக்காக நடப்பது. பால் காய்ச்சல் மாடு போல எழுந்து நிற்பவர்கள் குறைவு. சிங்களமும் தமிழும் சரளமாக வருமென்றால் இன்னொரு வழியும் உண்டு. நம் ஊரில் மொழிபெயர்க்க ஆளில்லாமல் நோயாளியும் டொக்டரும் திண்டாடுவது புதிதல்ல. கேட்டுப் பார்த்தால் கதவு திறக்கக்கூடும்.

பணப் பேச்சும் வேறு மாதிரி. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கட்டிலருகே 'இவரைக் காப்பாற்றுவது கட்டுப்படியாகுமா' என்று எவரும் கேட்பதில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு மருந்தை வெளியில் வாங்கச் சொல்லும் துண்டுகள் கூடின என்பது வேறு கதை. பட்டியில் அந்தக் கேள்வி முதலாவதாக வரும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது, அதை யாரும் நினைப்பதில்லை: ஊரில் நோய் பரவாமல் பார்க்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. விசர்நாய்க்கடி, வயல்காரருக்கு வரும் எலிக்காய்ச்சல், காய்ச்சாத பாலால் வரும் புரூசெல்லா தொற்று எல்லாம் விலங்கிலிருந்து மனிதனுக்கு வருபவை. 2017இல் கிண்ணியாவை டெங்கு ஆட்டியபோது டயரும் தண்ணீர்த் தொட்டியும் பார்க்க வீடுவீடாகப் போனவர்கள், நோய் வாட்டில் தொடங்குவதில்லை என்பதைக் கண்டிருப்பார்கள். மனம் இன்னும் ஊசலாடினால் இங்கே போகலாம்.

படிப்பின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். 5 வருடம், பிறகு ஒரு வருடப் பயிற்சி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்கூடப் படிக்கலாம். கால்நடை மருத்துவத்துக்கு நாட்டிலேயே பேராதனை ஒன்றுதான். வெட்டுப்புள்ளி மருத்துவத்துக்குத்தான் வழமையாக உயரும். அதனால் விண்ணப்பத்தில் மருத்துவ பீடங்களை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, ஆறுதல் பரிசு போலக் கால்நடையைக் கீழே போடும் பழக்கம் வந்துவிட்டது. விருப்ப ஒழுங்கு என்று படிவத்தில் எழுதியிருந்தாலும் யாருடைய விருப்பம் என்று எவரும் கேட்பதில்லை.

மருமகள் பட்டிக்கு மூன்று கிழமை, முதியோர் இல்லத்துக்கு ஆறு கிழமை என்று பிரித்திருக்கிறாள். பட்டிக்குப் போகுமுன் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றி டொக்டரிடம் கேட்கச் சொன்னேன். கடித்தால் உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்றும் சொன்னேன். முழங்கால் உயர றப்பர் பூட்ஸ் வாங்கியாயிற்று. அக்காதான் அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று வாசலில் நிற்கிறாள்.