எட்டு இன்புட் ஷோ கன்ட்ரோலர்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

கண்காட்சிக் கூடம் ஒன்றின் விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் கூடம் மெல்ல இருண்டு, 90 விநாடிக்கு ஒளியும் குரலுமாக ஒரு காட்சி ஓடி, பழைய வெளிச்சம் திரும்ப வேண்டும். இதற்காக வாங்கிய சின்ன ஷோ கன்ட்ரோலரைப் பற்றித்தான், அதாவது இப்படிப்பட்ட காட்சியைத் தானாக ஓட்டும் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொத்தான் போன்றவற்றின் வயர் வந்து சேர எட்டு இன்புட், விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப 512 சேனல் கொண்ட ஒரு டிஎம்எக்ஸ் யூனிவர்ஸ், இசைக் கருவிகளோடு பேச மிடி, மற்றக் கருவிகளிடமிருந்து நெட்வொர்க் வழியாகக் கட்டளை வாங்க ஓஎஸ்சி. குறையும் எழுதப்போவதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

ஃபேட் (வெளிச்சம் மெல்ல மாறுவது), சீன் (சேமித்து வைத்த விளக்கு அமைப்பு), டைம்லைன் (எது எப்போது நடக்கும் என்ற வரிசை) எல்லாம் இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றிலும் நன்றாகவே இருக்கும். தரம் தெரிவது இன்புட் பக்கத்தில்தான். எது ஒரு அழுத்தல், எது இல்லை என்று நாம் சொல்வதைப் பெட்டி எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டுக்கொள்கிறது என்பதே கேள்வி.

முதல் நாள் பொத்தானை ஒரே ஒரு தடவைதான் அழுத்தினேன். நடந்ததைப் பெட்டி குறித்துவைக்கும் லாக் பக்கத்தில் மூன்று வரிகள் விழுந்தன: இன்புட் 3 மூடியது (அதாவது சுற்று இணைந்தது), திறந்தது, மூடியது. மூன்றும் 4 மில்லிசெகண்டுக்குள். ஸ்விட்சுக்குள் உலோகம் உலோகத்தில் பட்டுத் துள்ளுவதுதான் காரணம், எந்தப் பொத்தானிலும் இது உண்டு. டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது இவ்வளவு நேரம் நிலையாக மூடியிருந்தால்தான் அழுத்தல் என்ற வரம்பை, 20 மில்லிசெகண்ட் என்று வைத்ததும் ஒரு அழுத்தலுக்கு ஒரு வரி. ஆசைப்பட்டு 200 வைத்துப் பார்த்தேன், சட்டென்று தட்டிவிட்டுக் கையை எடுக்கும் குழந்தைகளின் அழுத்தல் பதிவாகவே இல்லை. ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக இந்த நேரத்தை வைக்க முடிவதும், நடந்ததை மில்லிசெகண்ட் கணக்கில் கண்ணால் பார்க்க முடிவதும் இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தவை.

அடுத்தது ரீட்ரிகர். காட்சி ஓடும்போது மறுபடி அழுத்தினால் என்ன செய்வது? முதலிலிருந்து தொடங்கு, கண்டுகொள்ளாதே, முடிந்ததும் ஒரு முறை ஓட்டு என்று மூன்று வழி தருகிறார்கள். தொடக்கத்தில் முதல் வழியில்தான் வைத்திருந்தேன். ஒரு பையன் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க, பின்னால் நின்ற பெரியவர்கள் முதல் 10 விநாடியையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அன்றே இரண்டாவது வழிக்கு மாற்றினேன். ஆனால் அது மட்டும் போதவில்லை, அழுத்தியது ஏற்கப்பட்டதா என்று தெரியாமல் ஆட்கள் பொத்தானைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். பொத்தானுக்குள் இருக்கும் குட்டி விளக்கை ஒரு டிஎம்எக்ஸ் சேனலில் கொடுத்து, காட்சி ஓடி முடியும்வரை அணைந்திருக்கும்படி செய்தேன். கைகள் தானாக விலகிவிட்டன.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை. என் பொத்தான் கேபிள், டிம்மர் (விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) லைன்களுக்குப் பக்கத்திலேயே 30 மீட்டர் ஓடியது. விளக்குகள் பாதி வெளிச்சத்துக்கு இறங்கும்போதெல்லாம் யாரும் தொடாமலே ட்ரிகர் (காட்சியைத் தொடங்கும் தூண்டல்) விழுந்தது. முறுக்கிய ஜோடி ஷீல்டு கேபிளாக மாற்றி, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, டிம்மர் லைனிலிருந்து விலக்கி இழுத்த பிறகுதான் நின்றது. இன்புட்டில் ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் பாகம்) வைத்திருந்தால் இந்தத் தொல்லை குறைந்திருக்கும். இந்தப் பெட்டியில் அது இல்லை.

மிடியில் கீபோர்டு இணைப்பவர்கள் கவனிக்க: பல கீபோர்டுகள் விரலை எடுக்கும்போது நோட் ஆஃப் (கட்டையை விட்டாயிற்று என்ற செய்தி) அனுப்பாமல், வெலாசிட்டி (அழுத்திய வேகத்தைச் சொல்லும் எண்) 0 உள்ள நோட் ஆன் (கட்டையை அழுத்தியாயிற்று என்ற செய்தி) அனுப்பும். மிடி விதிப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பெட்டி அதை இன்னொரு அழுத்தலாக எடுத்துக்கொள்கிறது. ட்ரிகரில் வெலாசிட்டி 1 முதல் 127 வரை என்று வரம்பு போட்டால் சரியாகிவிடும். ஓஎஸ்சி வசதிதான், ஆனால் பெரும்பாலும் யுடிபி என்ற நெட்வொர்க் முறையில் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று அதில் தெரியாது. தவறவே கூடாத கியூக்களுக்கு (காட்சியில் ஒன்றைத் தொடங்கும் கட்டளைகளுக்கு) நான் இன்னமும் இன்புட்டில் நேராக மாட்டும் இரண்டு வயரைத்தான் நம்புகிறேன்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. இன்புட் 5-இல் மாட்டியிருப்பது கதவில் உள்ள காண்டாக்ட் (ஸ்விட்ச்), கதவு சாத்தியிருந்தால் மூடியிருக்கும். ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் லாக்கைத் திறந்தால், ஆளில்லாத கூடத்தில் வரவேற்புக் காட்சி முழுசாக ஓடி முடிந்திருக்கிறது. பெட்டி விழித்தெழும்போது ஏற்கெனவே மூடியிருந்த காண்டாக்டை, அப்போதுதான் மூடியதாக எடுத்துக்கொண்டுவிட்டது. இதைத் தடுக்க ஒரு செட்டிங் இருக்க வேண்டும், இல்லை. சுற்றுவழி கண்டுபிடித்தேன்: 'தயார்' என்று ஒரு வேரியபிள் (பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும் எண்), பவர் வந்ததும் 0, ஐந்து விநாடி கழித்து 1. எல்லா ட்ரிகருக்கும் 'தயார் 1 ஆக இருந்தால் மட்டும்' என்று நிபந்தனை. வேலை செய்கிறது. ஆனாலும் இது கம்பெனி செய்திருக்க வேண்டிய வேலை.

தீ அலாரத்திலிருந்து ஒரு காண்டாக்ட் வாங்கி, எல்லா விளக்கையும் முழுசாக எரியவிடும் ட்ரிகரும் வைத்திருக்கிறேன். சாதாரண நேரத்தில் மூடியிருக்கும் வகை அது, வயர் அறுந்தாலும் விளக்கு எரியும். அதற்காக எமர்ஜென்சி விளக்குகளை இந்தப் பெட்டியின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். அவை தனி வயரிங்கில், தனி பேட்டரியில் இருக்கட்டும்.

ஒரு கூடம், ஏழெட்டுப் பொத்தான்கள் என்ற அளவுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும், டெமோவில் வண்ண விளக்கு ஓடுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணப் பொத்தான் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் இரண்டு வயரில் மாட்டி அழுத்துங்கள், லாக்கில் எத்தனை வரி விழுகிறது என்று எண்ணுங்கள். பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை எடுத்துப் போட்டு, அதே பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள்.