கைக்கு ஒட்டாத புது பேஸ்: செட்டப்பா, பிக்கப்பா, மாற்றிவிடுவதா?

புது பேஸ் கிட்டார் வாங்கிய பிறகும் கை பழைய கருவியையே தேடுகிறது என்றால், வாசிப்பவர்கள் மூன்று வழிகளைச் சொல்வார்கள். கம்பிகளை மாற்றி, நெக் என்னும் கழுத்துப் பகுதியையும் கம்பிகளின் உயரத்தையும் சீராக்குவது ஒன்று. இதைத்தான் செட்டப் என்கிறோம். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை மாற்றுவது இரண்டாவது. கொடுத்துவிட்டு வேறு மாடலுக்குப் போவது மூன்றாவது. பெரும்பாலோர் இரண்டாவதில் தொடங்கி, பணம் கரைந்த பிறகு மூன்றாவதற்குப் போகிறார்கள். முதலாவதைச் செய்து பார்க்காமலே விற்கப்பட்ட நல்ல கருவிகள் ஏராளம்.

ஃபெண்டர் நிறுவனத்தின் பிரசிஷன் வகையில் பல ஆண்டுகள் வாசித்துவிட்டு அதே நிறுவனத்தின் ஜாஸ் வகை ஒன்றை வாங்கியபோது இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. ஆகவே முதலில் இந்த இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிடலாம்.

ஃபெண்டர் பிரசிஷனை 1951இலும் ஜாஸை 1960இலும் கொண்டுவந்தது. இரண்டிலும் கம்பியின் நீளம் 34 அங்குலம்தான். வித்தியாசம் நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டில், தொடங்குகிறது. ஜாஸின் நட் அகலம் சுமார் 38 மி.மீ. இன்றைய பிரசிஷன்கள் பலவற்றில் 41, 42. பழைய அகல நெக்கில் 44 வரை இருக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். முதல் மூன்று ஃபிரெட்டுகளில், அதாவது நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகளில், வாசித்தால் தெரிந்துவிடும். அகல நெக்கில் பழகிய விரல், ஜாஸில் பக்கத்துக் கம்பியையும் சேர்த்துத் தொடும். ஜாஸில் பழகியவருக்குப் பிரசிஷன் நெக் உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும்.

வலது கைக்குக் குழப்பம் இன்னும் அதிகம். பிரசிஷனில் ஒரே பிக்கப். கட்டைவிரல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் வேறு யோசனை வேண்டாம். ஜாஸில் இரண்டு பிக்கப்புகள். கம்பிகளின் மறுமுனை பொருந்தும் பிரிட்ஜ் பக்கம் போகப்போகக் கம்பி விறைப்பாகத் தெரியும், ஒலி மெலிந்து கூர்மையாகும். இரண்டு வால்யூம் குமிழ்களையும் முழுதாகத் திறந்தால் ரீங்காரம் அடங்கிவிடும். ஆனால் நடு அலைவரிசை குழிந்துபோகும். அறையில் தனியாக வாசிக்கையில் பளபளக்கும் அந்த ஒலி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். 'இந்த பேஸில் சதையே இல்லை' என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. பிரிட்ஜ் பக்கக் குமிழைச் சற்றே குறைத்துப் பாருங்கள், சதை திரும்பி வரும். கூடவே ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கே உரிய ரீங்காரமும் கொஞ்சம் வரும்; வீட்டு மின்இணைப்பில் எர்த் சரியில்லை என்றால் கொஞ்சம் அதிகமாகவே வரும். 1957 முதல் பிரசிஷனில் இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரே ஒரு பேஸ்தான் வைத்துக்கொள்ள முடியும், மேடையில் ஒலி பார்ப்பவர் யாரென்றும் தெரியாது என்றால் நான் பிரசிஷனையே சொல்வேன். இடதுகை வேகமாக ஓட வேண்டும், ஒரே கருவியில் பல குரல்கள் வேண்டும் என்பவருக்கு ஜாஸ்.

இனி மூன்று வழிகள். செட்டப்புக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் குறைந்த செலவில் அதிகம் மாற்றுவது அதுதான். கருவி செய்யப்பட்ட ஊரின் ஈரப்பதம் வேறு, ஏ.சி. ஓடும் கடையின் ஈரப்பதம் வேறு, சென்னை வீட்டின் ஈரப்பதம் வேறு. மரம் அதற்கேற்ப அசைகிறது, நெக்கின் வளைவு மாறுகிறது. கடையில் வழவழப்பாக இருந்த கருவி வீட்டுக்கு வந்ததும் முரண்டு பிடிக்க இதுவே போதும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, 8ஆவது ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சுமார் 0.3 மி.மீ. இருந்தால் நெக் சரியாக இருக்கிறது. 17ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்பது பொதுவான தொடக்க அளவு. நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சீராக்கும் டிரஸ் ராடை நீங்களே திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். தயக்கம் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம்.

பலரும் கவனிக்காத இடம் நட். விலை குறைந்த பேஸ்களில் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் வருவது சகஜம். தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் திறந்த நிலையில் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃபிரெட்டில் எஃப் ஸ்வரம் வாசித்து டியூனரைப் பாருங்கள். சுருதி மேலே ஏறி நின்றால் பள்ளம் உயரமாக இருக்கிறது. நெக் கடினமாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்ததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். அரத்தை வைத்துக்கொண்டு இதை வீட்டில் முயல வேண்டாம். ஒரு இழுப்பு கூடிப்போனால் கம்பி ஃபிரெட்டில் உரசத் தொடங்கிவிடும்.

அடுத்தது கம்பி. புது பேஸ்கள் பெரும்பாலும் உருண்டை இழை சுற்றிய ரவுண்ட்வௌண்ட் கம்பிகளோடு வருகின்றன: பிரகாசமான ஒலி, விரல் நகரும்போதெல்லாம் கிறீச். இளையராஜாவின் இசையில் சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்த காது எதிர்பார்ப்பது உருண்டு திரண்ட ஒரு ஒலியை. அந்தக் காதுக்கு இந்தப் பிரகாசம் அந்நியமாகத்தான் படும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒலி வேண்டும் என்று பிரசிஷன் வாங்குகிறவர்களும் உண்டு. அவருடைய 1962 பிரசிஷனில் இருந்தவை லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வௌண்ட் கம்பிகள், அதாவது தட்டை இழை சுற்றிய வழவழப்பான கம்பிகள். பிரிட்ஜ் அருகே பஞ்சு வேறு. அறுந்தால் ஒழிய அவர் கம்பி மாற்றமாட்டார் என்பார்கள். பளபளக்கும் புதுக் கம்பியோடு அதே மாடலை வாங்கி ஏமாந்தவர்கள் பழி சொல்ல வேண்டியது கருவியை அல்ல. ஃபிளாட்வௌண்ட் விலை கூடுதல்தான், ஆனால் பல ஆண்டுகள் நிற்கும். பொதுவாக இழுவிசையும் கூடுதல் என்பதால் மாற்றிய பின் நெக்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். விரல் நோகிறது என்பதுதான் குறை என்றால் 45–105 கனத்திலிருந்து (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 40–100க்கு இறங்கினாலே நிம்மதி கிடைக்கும்.

பிக்கப் மாற்றுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கம்பி மாற்றினால் வரும் வித்தியாசத்தை விடப் பல நேரம் அது குறைவாகவே இருக்கிறது. முதலில் இருக்கும் பிக்கப்பின் உயரத்தைத் திருப்புளியால் மாற்றிப் பாருங்கள். மிக அருகில் இருந்தால் காந்தம் கம்பியையே இழுத்து, தடித்த கம்பிகளின் சுருதியைக் கலங்கச் செய்யும். தள்ளிப் போனால் வேகம் போய்விடும். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்ற ஆக்டிவ் வகை என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கேபிள் செருகியே இருந்தால் அது தீர்ந்துகொண்டே இருக்கும். மங்கிய ஒலிக்காகப் பிக்கப் விலை விசாரிக்கும் முன் பேட்டரியை மாற்றுங்கள். ஜாஸின் ரீங்காரம் தாங்கவில்லை, ஒலிப்பதிவுக்கு ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்குத்தான் இந்தச் செலவை நான் ஒப்புவேன். அதே அளவில், ரீங்காரம் இல்லாத பிக்கப்புகள் கிடைக்கின்றன.

எப்போது விற்பது? புதுச் செருப்பு கடிப்பதும் செருப்பின் அளவே தவறாக இருப்பதும் வேறு வேறு. தவறான கம்பியைத் தொடுவது, கட்டைவிரலுக்கு இடம் தேடுவது, இதெல்லாம் பழகப் பழகக் குறையும். நான்கு கம்பியிலிருந்து ஐந்துக்குப் போனவர் குறிப்பாகப் பொறுத்திருக்க வேண்டும். கீழே ஒரு பி கம்பி சேர்ந்ததும் கையின் கணக்கே மாறிவிடுகிறது. மணிக்கட்டு வலியும் தோள்வலியும் அப்படிக் குறைவதில்லை. நெக் கீழே சரிவதும் அப்படித்தான். 1963இல் வந்த கிப்சன் தண்டர்பேர்டு இதற்குப் பேர்போனது: தலைப்பக்கம் கனம், கையை எடுத்தால் நெக் தரையைப் பார்க்கும். சொரசொரப்பான அகலத் தோள்பட்டையும், கம்பியை முறுக்கும் டியூனர்களை எடை குறைந்தவையாக மாற்றுவதும் ஓரளவுதான் உதவும். இடதுகையால் கருவியைத் தாங்கிக்கொண்டே வாசிப்பது வாழ்நாள் வேலை அல்ல. கடையில் உட்கார்ந்தே வாசித்துப் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

கம்பியின் நீளமும் மாற்ற முடியாதது. நட்டிலிருந்து 4ஆவது ஃபிரெட் வரை 34 அங்குல பேஸில் ஏறத்தாழ 178 மி.மீ.; 30 அங்குலத்தில் 157. சிறிய கைக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய விடுதலை. 1966இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் 30 அங்குலம். 1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹாஃப்னரும் ஏறக்குறைய அதே அளவுதான். குட்டை பேஸ் குழந்தைகளுக்கானது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்வது.

முடிவெடுக்கும் முன் பழையதையும் புதியதையும் ஒரே வகைக் கம்பியோடு, ஆம்பில் ஒரே அமைப்பில், ஒலியளவைச் சமப்படுத்திப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உரக்க ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதாகக் காது ஏமாறும், அதனால் ஒலியளவைச் சமப்படுத்துவது முக்கியம். குழுவோடு ஒருமுறை வாசித்தும் பாருங்கள். என் ஜாஸ் ஃபிளாட்வௌண்ட் கம்பியும் குறைத்த பிரிட்ஜ் குமிழுமாக வீட்டிலேயே இருக்கிறது; ஒலிப்பதிவுக்கு அதுதான், மேடைக்கு இன்னும் பிரசிஷன்தான்.

விற்பதுதான் என்று ஆகிவிட்டால், ரசீதையும் பெட்டியையும் தேடி எடுத்து வையுங்கள். மாற்றிய பிக்கப்பைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடுங்கள், புதியதைத் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். கருவியைச் செட்டப் செய்த பிறகே வாங்க வருபவர் கையில் கொடுங்கள். வருபவர் முதலில் தொடப்போவது அந்த நெக்கைத்தான்.