வெள்ளை முட்டை, பிரவுன் முட்டை, நாட்டு முட்டை: எதுக்கு காசு குடுக்கலாம்?

எங்க வீட்டுல முட்டை இல்லாத நாள் ரொம்ப கம்மி, கிடைக்கிற மூணு வகையும் மாத்தி மாத்தி வாங்கி சாப்பிட்டுட்டு தான் இதை எழுதுறேன். ஒண்ணு மளிகைக்கடையில அட்டை அட்டையா அடுக்கி வெச்சிருக்கிற நாமக்கல் வெள்ளை முட்டை, இன்னொண்ணு சூப்பர்மார்க்கெட்ல டப்பாவுல வர்ற பிரவுன் முட்டை, மூணாவது சந்தையில ஒரு அக்கா கூடையில தவிட்டுக்குள்ள புதைச்சு கொண்டு வர்ற நாட்டுக்கோழி முட்டை. சத்துக்காக வாங்குறீங்கன்னா வெள்ளை முட்டையே தாராளமா போதும், மத்த ரெண்டும் எதுக்குன்னு கீழ சொல்றேன்.

நான் வாங்கின பிரவுன் முட்டை டப்பாவுல 6 கிராம் புரதம்னு பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. 50 கிராம் எடையுள்ள எந்த கோழிமுட்டையிலயும் கிட்டத்தட்ட அவ்ளோ தாங்க இருக்கும், கூடவே 70 கலோரி, 5 கிராம் கொழுப்பு. ஓட்டோட கலர் கோழியோட ரகத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நாமக்கல் பக்கம் பண்ணையில வளர்க்கிற பிவி 300 வெள்ளையா போடும், பிவி 380ன்னு இன்னொரு பண்ணை ரகம் பிரவுனா போடும், அதனால பிரவுனா இருந்தா நாட்டுக்கோழின்னு நினைச்சு வாங்காதீங்க. மஞ்சக்கரு நல்ல ஆரஞ்சா இருக்கிறதும் தீவனத்தால வர்றது தான், மக்காச்சோளம் நிறைய சாப்பிட்டாலோ தீவனத்துல செண்டுமல்லிச் சாறு கலந்தாலோ அந்த கலர் வந்துடும்.

ஒமேகா 3 முட்டைன்னு ஒண்ணு வருதே அது மட்டும் கொஞ்சம் வேற, கோழிக்கு ஆளி விதை மாதிரி தீவனம் குடுத்தா மஞ்சக்கருவுல ஒமேகா 3ங்கிற அந்த நல்ல கொழுப்பு உண்மையிலேயே கூடும். மீனே தொடாதவங்களுக்கு அது உதவும், ஆனா மத்தி மீன் சாப்பிடுற வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசு தேவையில்ல, மத்தியில அதைவிட பல மடங்கு இருக்கு.

எனக்கு மனசு தாங்காத விஷயம் ஜிம்முக்குப் போற பசங்க மஞ்சக்கருவைத் தூக்கி குப்பையில போடுறது. தம்பிங்களா, முட்டையோட புரதத்துல ஏறக்குறைய 40 சதவீதம் மஞ்சக்கருவுல தான் இருக்கு, வைட்டமின் ஏ, டி, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேணும்ங்கிற கோலின், கண்ணுக்கு நல்லதுன்னு சொல்ற லூட்டின் எல்லாமே அங்க தான், வெள்ளைக்கருவுல புரதமும் தண்ணியும் தான் பெரும்பாலும். கொலஸ்ட்ரால் பயம் புரியுது, ஒரு முட்டையில 185 மில்லிகிராம் கிட்ட இருக்கு, ஆனா சாப்பாட்டுல வர்ற கொலஸ்ட்ராலை விட நெய், வெண்ணெய் மாதிரியானதுல நிறைய இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு தான் பெரும்பாலானவங்க ரத்தத்துல கெட்ட கொலஸ்ட்ராலை அதிகமா ஏத்துது, அமெரிக்க அரசோட உணவு வழிகாட்டியில இருந்த ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்ங்கிற வரம்பு 2015ல வந்த பதிப்புலயே போயிடுச்சு. நல்லா இருக்கிறவங்க தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம், சுகர் இருக்கிறவங்க, கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கனவே கூட இருக்கிறவங்க மட்டும் எத்தனைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

பச்சை முட்டை குடிக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க ப்ளீஸ். பச்சையா குடிச்சா புரதத்துல பாதி அளவு தான் உடம்புல சேரும், வேக வெச்சா 90 சதவீதம் வரைக்கும் சேருதுன்னு ஆய்வு பண்ணிப் பாத்திருக்காங்க, பச்சை வெள்ளைக்கருவுல இருக்கிற அவிடின்ங்கிற புரதம் பயோட்டின்ங்கிற வைட்டமினையும் உடம்புல சேர விடாம பிடிச்சு வெச்சுக்கும், சால்மோனெல்லா கிருமி பயம் வேற. ஆஃப்பாயில், கலக்கி பிரியர்கள் கோபப்படாதீங்க, பெரியவங்களுக்கு அது உங்க இஷ்டம், ஆனா சின்னக் குழந்தைக்கும் கர்ப்பமா இருக்கிறவங்களுக்கும் நல்லா வெந்தது தான் குடுக்கணும்.

முட்டையில நார்ச்சத்தும் வைட்டமின் சியும் சுத்தமா கிடையாது, அதனால தனியா முட்டையை மட்டும் நம்பாதீங்க. எங்க வீட்டுல முருங்கைக்கீரையை வதக்கி அதுல ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி பொரியல் பண்ணுவோம், மஞ்சக்கருவுல இருக்கிற கொழுப்பு கீரையோட கரோட்டினை உடம்பு எடுத்துக்க உதவுது, ருசியும் அப்படி இருக்கும். சத்துணவுல பசங்களுக்கு வாரத்துல 5 நாள் முட்டை குடுக்கிறாங்களே, இந்த சாதாரண வெள்ளை முட்டை தான் அது, அந்தத் திட்டத்தை நினைச்சா எனக்கு இப்பவும் பெருமையா இருக்கு.

சந்தை அக்காவோட நாட்டு முட்டை அளவுல சின்னது, விலை வெள்ளை முட்டையை விட ரெண்டு மடங்குக்கு மேல, சத்துல பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க, ஆனா அவிச்சு மிளகுத்தூள் போட்டா அந்த ருசி வேற லெவல், அதுக்காகவே எப்பவாவது வாங்குவேன். டப்பா முட்டைல எனக்கு ஒரு குறை, பேக்கிங் தேதி சமீபமா தான் இருந்துச்சு ஆனா தண்ணியில போட்டதும் ரெண்டு மூணு மிதந்துச்சு. முட்டை பழசாக ஆக ஓட்டு வழியா ஈரம் போய் உள்ள காத்துப்பை பெருசாகும், அதனால தான் மிதக்கும். மளிகைக்கடையில அட்டை சீக்கிரம் காலியாகிறதால அங்க வாங்கினது அடியில படுத்தே கிடந்துச்சு. வெள்ளைக்கு 5க்கு நாலரை, நாட்டு முட்டைக்கு நாலு, டப்பாவுக்கு ரெண்டரை. வாங்கும்போது விரிசல் விட்டதை மட்டும் பாத்து ஒதுக்கிடுங்க, வீட்டுக்கு வந்ததும் கழுவி அடுக்காதீங்க, மேல இருக்கிற பாதுகாப்புப் படலம் போயிடும், அப்படியே ஃபிரிட்ஜ்ல வெச்சா மூணு வாரம் தாங்கும்.