ஆந்தூரியமா, பீஸ் லில்லியா? நிழலில் எது பூக்கும்?

நிழலில் வைக்க ஒரு பூச்செடி வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர்கள் இரண்டு: ஆந்தூரியம், பீஸ் லில்லி. இரண்டும் சேம்புக் குடும்பம். நாம் தொட்டிகளில் வளர்க்கும் வகைகளுக்கு மூலமான இனங்கள் தென் அமெரிக்காவின் ஈரக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தவை. பூ என்று நாம் ரசிப்பது இரண்டிலும் உண்மையில் பாளைதான். அதன் நடுவே நிற்கும் தண்டைக் கூர்ந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிபவைதான் பூக்கள். பாளை என்பது உருமாறிய இலை என்பதால்தான் இவை மற்ற பூக்களைப் போல இரண்டு நாளில் வாடாமல் வாரக்கணக்கில் நிற்கின்றன.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. காரணம், நிழலில் உயிரோடு இருப்பது ஒன்று, நிழலில் பூப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் செடி வாங்குபவர்கள்தான் கடைசியில் "எனக்குச் செடி ராசி இல்லை" என்று மனம் சலித்துப்போகிறார்கள்.

சரி, நிழல் என்றால் எவ்வளவு நிழல்? உச்சிவெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். ஆந்தூரியம் பண்ணைகளில் 75 சதவீத நிழல்வலை கட்டுவது வழக்கம். முக்கால்வாசி வெயிலைத் தடுத்த பிறகும் அங்கே நண்பகலில் 25,000 லக்ஸ் மிஞ்சுகிறது. வீட்டுக்குள் ஜன்னலை விட்டுத் தள்ளியிருக்கும் மூலையில் பகலிலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, இலைக்கு உறைக்கும். செடிக்காரர் சொல்லும் நிழலும் நம் வரவேற்பறை நிழலும் ஒன்றல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அளந்து பார்க்கக் கருவி வேண்டியதில்லை. நண்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விளிம்பு கத்தரித்தது போல விழுந்தால் அங்கே நேர் வெயில் அடிக்கிறது. இரண்டு செடியின் இலையும் கருகும். விளிம்பு மங்கலாக, ஆனால் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது ஆந்தூரியத்துக்கான இடம். கை இருக்கிறது என்று மட்டும் சொல்லும் அளவுக்கு மங்கலான நிழல் என்றால் பீஸ் லில்லி. நிழலே விழாத மூலையில் பீஸ் லில்லி பசுமையாக இருக்கும், பூக்காது. ஆந்தூரியம் அங்கே காம்பை நீட்டி நீட்டி, இலை சிறுத்து, மெல்ல மெலிந்துபோகும்.

ஆந்தூரியத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் வேரைத்தான். கொலம்பியா, ஈக்வடார் காடுகளில் இது பெரும்பாலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. 1876இல் எத்வார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொலம்பியாவிலிருந்து இதைச் சேகரித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். இதன் அறிவியல் பெயரான ஆந்தூரியம் ஆந்த்ரேயானம் அவரை வைத்து வந்ததுதான். மரத்தைப் பற்றும் வேர் தடித்து, பஞ்சு போன்ற மேலுறையோடு இருக்கும். மழை பட்டதும் ஈரத்தை உறிஞ்சி, சீக்கிரமே காற்றில் உலர்ந்துவிடுவதற்கான அமைப்பு அது. அப்படிப்பட்ட வேரைக் கொண்டுபோய்த் தோட்டத்து மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டும். என் கணிப்பில், ஆந்தூரியம் சாவதற்கு வெளிச்சக் குறைவைவிட மண் கலவைதான் பெரிய காரணம்.

இதற்குச் சாதாரண மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டுகள், மரக்கரி, கொஞ்சம் பெர்லைட் (பொரி போல இலேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது உடைத்த செங்கல், கைப்பிடி மண்புழு உரம் போதும். தண்ணீர் ஊற்றிய சில நொடிகளில் தொட்டிக்கு அடியில் வடிய வேண்டும். மட்டைத் துண்டுகளில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்து, அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். செடி வளர வளர அடித்தண்டு மேலே ஏறி, அங்கிருந்து காற்றுவேர்கள் கிளம்பும். அவற்றை வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறை தொட்டி மாற்றும்போது அந்த வேர்கள் கலவைக்குள் போகும்படி கொஞ்சம் ஆழமாக வைத்தால் செடிக்குப் புதுத் தெம்பு வரும்.

ஆந்தூரியத்தின் பெரிய நியாயம் ஒன்று உண்டு. வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலைக்கும் ஒரு பூ என்பது அதன் கணக்கு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் மொட்டு எப்போதும் தயாராக இருக்கும், வெளிச்சம் போதாவிட்டால் அது அங்கேயே கருகிவிடும். ஆகவே புது இலை வருகிறது, பூ மட்டும் வரவில்லை என்றால் உரத்தைக் கூட்டுவதற்கு முன் தொட்டியை ஜன்னலுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்திப் பாருங்கள். இடம் பிடித்துவிட்டால் ஆண்டு முழுக்கப் பூக்கும், ஒவ்வொரு பூவும் செடியிலேயே ஆறிலிருந்து எட்டு வாரம் நிற்கும். இந்த நீடிப்புக்குப் பீஸ் லில்லியால் ஈடுகொடுக்க முடியாது.

பீஸ் லில்லி தரையில் வளரும் செடி, ஓடைக்கரை ஈரத்துக்குப் பழகியது. கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூளும் உரமும் கலந்த சாதாரணத் தொட்டி மண் அதற்குப் போதும். அதன் மிகப் பெரிய குணம், தாகத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது. தண்ணீர் குறைந்தால் மொத்தச் செடியும் தொட்டி விளிம்பில் சரிந்து கிடக்கும். ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஆந்தூரியத்தின் தடித்த இலை இப்படிக் குறி காட்டாது, அது காட்டும்போது வேர் ஏற்கெனவே கெட்டிருக்கும். தண்ணீர் ஊற்றுவதில் இன்னும் கை பழகாதவர்களுக்குப் பீஸ் லில்லியின் இந்தக் குணம் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லித் தீராது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே இலை சரிந்தால் அது தாகம் இல்லை, வேர் அழுகல். இன்னும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும். உடனே வெளியே எடுத்து, பழுப்பாகக் கூழாகிப்போன வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வையுங்கள். சரிந்தால்தான் ஊற்றுவது என்று வழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வாடவிட்டால் இலை நுனிகள் காய்ந்துபோகும். மேல்மண் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் உலர்ந்ததும் ஊற்றுவதுதான் சரியான நேரம். நன்றாகப் பார்த்துக்கொண்டும் நுனி பழுப்பாகிறது என்றால் தண்ணீரில் உள்ள உப்பு, ஃபுளோரைடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

பீஸ் லில்லி வாங்கியவர்களின் பொதுவான மனக்குறை, வாங்கி வந்தபோது இருந்த பூக்களுக்குப் பிறகு அது பூக்கவே இல்லை என்பது. வணிகரீதியாக வளர்ப்பவர்கள் ஜிப்பரெல்லிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்து, ஒரே நேரத்தில் செடிகளைப் பூக்கவைப்பது சகஜம். அந்த ஊக்கம் தீர்ந்தபின் வீட்டு வெளிச்சத்தில் செடி தன் வேகத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். செடியில் குறை இல்லை. ஜன்னல் பக்கமாக நகர்த்தி, பழைய பூத்தண்டுகளை அடியோடு வெட்டி, பொறுமையாக இருந்தால் பருவத்துக்குப் பருவம் சில பூக்கள் வரும். வெள்ளைப் பாளை நாளாக ஆகப் பச்சையாக மாறுவது இயல்பு, நோய் இல்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லியும் பீஸ் லில்லியை விற்கிறார்கள். 1989இல் நாசா மூடிய சிறு அறைகளில் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு இது. பல சோதனைகளைத் தொகுத்து 2019இல் வந்த ஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஆகவே அந்தக் காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

நோய் விஷயத்தில் ஆந்தூரியத்தின் பக்கம் ஆபத்து கூடுதல். பாக்டீரியா கருகல் நோய் 1980களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியம் பண்ணைகளைச் சூறையாடியது. இலை விளிம்பில் நீர் கோத்தது போன்ற புள்ளிகள், அவற்றைச் சுற்றி மஞ்சள், அப்புறம் பழுப்பு என்று உள்நோக்கிப் பரவும். மருந்தால் மீட்பது அரிது. தொற்றிய செடியை அகற்றுவதே மற்றவற்றைக் காப்பாற்றும் வழி. மாலையில் இலையை நனைக்காமல் இருப்பது, வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துச் சுத்தம் செய்வது, புதுச் செடியைச் சில வாரம் தனியே வைப்பது ஆகியவை கட்டாயப் பழக்கங்கள். காற்று உலர்ந்த இடமென்றால் இலையின் அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன் வரும். இரண்டு செடிகளிலும் மாவுப்பூச்சியை இலைக்காம்பு சேரும் இடுக்கில் தேடுங்கள்.

பூனை, நாய், தவழும் குழந்தை இருக்கும் வீடா? இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. சேனை நறுக்கும்போது கை அரிப்பதும் இதே படிகங்களால்தான். கடித்தால் வாய் எரியும், வீங்கும். அசல் லில்லி பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், பீஸ் லில்லி அந்த வகையில் சேராது. என்றாலும் எட்டாத உயரத்தில் வைக்க முடியாதென்றால் இரண்டையுமே விட்டுவிட்டு ஆப்பிரிக்கன் வயலெட் வாங்குங்கள். தான்சானியாவின் உசம்பாரா மலைகளைச் சேர்ந்த இந்தச் சின்னச் செடியில் நஞ்சு இல்லை, ஜன்னல் விளிம்பில் அடங்கும், எல்இடி விளக்கை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டாலே பூக்கும். இலை நனையாமல் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கீழிருந்து உறிஞ்சவிட வேண்டும்; குளிர்ந்த நீர் பட்டால் இலையில் வெளிறிய வளையங்கள் விழும். கடும் வெப்பத்தைத் தாங்காது என்பதுதான் குறை.

வெளியில் மரத்தடிப் பாத்தி என்றால் இந்தப் போட்டியே வேறு. அங்கே காசித்தும்பையின் உறவான இம்பேஷன்ஸ், மெழுகு பெகோனியா இரண்டும்தான் நிறத்தை அள்ளிக் கொட்டும். இம்பேஷன்ஸ் தண்ணீருக்கு ஏங்கும், அடிச்சாம்பல் நோய்க்கும் எளிதில் இரையாகும். ஆகவே நான் பெகோனியா பக்கம்.

வீட்டுக்குள் என்றால் என் முடிவு இது: நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரம் ஒன்று இருந்தால் தயங்காமல் ஆந்தூரியம். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளித்தான் இடம், அல்லது இதுதான் முதல் செடி என்றால் பீஸ் லில்லி. வாங்கும்போது பூக்களை எண்ணாதீர்கள். நடுவில் புதுக் குருத்து வருகிறதா, தொட்டியின் அடித்துளையில் தெரியும் வேர் வெளிறி உறுதியாக இருக்கிறதா, இலை விளிம்பில் மஞ்சள் வளையமுள்ள புள்ளி இல்லையா என்று பாருங்கள். பீஸ் லில்லியில் தூர் அடர்ந்த தொட்டியாக எடுத்தால் அடுத்த முறை மண் மாற்றும்போது இரண்டு மூன்றாகப் பிரித்து வைக்கலாம்.